மனுவில் முதல் கையெழுத்து

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
14.9.2004, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் தாமஸுக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஜானட்டும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த மணல் காட்டில் உன்னையும் மாதா அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று அம்மா காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறாள். அவள் முழங்கால் வலிக்குக் காரணம் நீதான், தெரிந்துகொள். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது, பதினாறு நாள் எடுத்திருக்கிறது. தண்ணீர் லாரி இப்போதும் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான், குடத்துக்கு நம்பர் போட்டு வைத்தாலும் சண்டை ஓயவில்லை, போன வாரம் உன் அம்மாவே ஒருத்தியின் குடத்தைக் காலால் உதைத்துவிட்டு வந்து பாவசங்கீர்த்தனம் செய்தாள். கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் ரோட்டில் ராவும் பகலும் வரிசை கட்டி நிற்கின்றன, ரோட்டைக் கடந்து கோயிலுக்குப் போவதற்குள் திருப்பலியில் பாதி முடிந்துவிடுகிறது. ஜானட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள், அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள், என் பீடியை ஒளித்து வைக்கிறாள். நீ இருக்கிற இராக்கில் லாரி டிரைவர்களைக் கடத்திக்கொண்டு போன நாளிலிருந்து அம்மா டி.வி.யில் நியூஸ் வைக்க விடுவதில்லை. இதெல்லாம் நல்ல சேதி. மற்றதை எழுத மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

உன் கடிதத்தை வழக்கம் போல அம்மாவுக்கு நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நீ வேலை செய்கிற முகாமில் பட்டாளத்துக்காரர்களின் அழுக்குத் துணி மூட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு லாரி வந்ததென்றும், அதிலிருந்து இறக்கினவர்களுக்குத் தலையில் சாக்குப் பை மாட்டி, கையைப் பின்னால் கட்டி, வெயிலில் முட்டி போட வைத்திருந்தார்களென்றும் எழுதியிருந்தாய். அதில் ஒரு கிழவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார், யாரும் தூக்கவில்லை என்று எழுதியிருந்தாய். முதல் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, இப்போது பழகிவிட்டது என்றாய். அதற்குப் பிறகு ஒரு வரி, "சும்மாவா புடிச்சிகினு வருவாங்க, ஏதாச்சும் பண்ணியிருப்பானுங்க" என்று. அதற்கு அடுத்த வரியிலேயே பாஸ்போர்ட் பிப்ரவரியோடு முடிகிறது, புதுப்பிக்க ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு விசாரிக்க வருவார்கள், போலீஸ்காரரை நல்லபடியாகக் கவனித்து அனுப்பு என்று. சும்மாவா என்ற அந்த வரியில் படிப்பதை நிறுத்திவிட்டேன். அம்மா என்னவென்று கேட்டாள், கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் படித்தேன். நம்ம புள்ள நாம பேசறதத்தானே பேசும் என்றாள்.

உன்னைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வரி என் வாயிலிருந்து நீ எடுத்துக்கொண்டு போனது. போன வருஷம் இராக்கின் மேல் குண்டு போட ஆரம்பித்தபோது சுப்புராஜ் டீக்கடையில் டி.வி.க்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் நான். ஊரே பற்றி எரிகிறது, நாங்கள் மசால் வடை தின்றுகொண்டே, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று விழுவதை எண்ணிக்கொண்டிருந்தோம். வாணம் வுடறா மாரி கீது என்று சுப்புராஜ் சொன்னான், எல்லோரும் சிரித்தோம். அதற்குக் கீழே வீடு இருக்குமே, நம்மைப் போல ஒரு கிழவனும் கிழவியும் இருப்பார்களே என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. பிறகு அந்தச் சண்டையே உனக்கு வேலையாகவும் வந்தது, நானும் நற்கருணை ஆராதனையில் நன்றி சொன்னேன்.

இப்போது அலெக்ஸாண்டர் விஷயம். எட்டாவது வரைக்கும் உன் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன், இறால் உரிக்கப் போகிற டோரதியின் மகன். அவனைப் போலீஸ் சுட்டுவிட்டது என்று அம்மா உனக்குப் போனில் சொன்னாள், விட்டதுடா சனியன் என்று நீ சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது, நானும் தலையாட்டினேன். அவள் சொல்லாததை நான் சொல்கிறேன், ஏனென்றால் அவளுக்கே எல்லாம் தெரியாது.

நீ போன பிறகு அவன் ரொம்பக் கெட்டுப்போனான். மாமூல் தரவில்லை என்று சுப்புராஜின் தம்பியைக் கையில் வெட்டியதில் அந்தத் தம்பிக்கு இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. ஜானட் வேலை விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அசிங்கமாகப் பேசுவான். ஆறு மாதம் அவள் ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கி மீன் கம்பெனி சந்து வழியாகச் சுற்றி வந்தாள், உனக்குத் தெரிந்தால் வேலையை விட்டு ஓடி வருவாய் என்று எழுதவில்லை. அவன் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. நான் அவனை மனதுக்குள் நூறு தடவை கொன்றிருக்கிறேன். ஜூலையில் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஸ்டேஷனில் மனு கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். என் எழுத்து அழகாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். மேற்படி நபரால் பெண்டு பிள்ளைகள் நடமாட முடியவில்லை, ஆகவே அவருக்கு நிரந்தரமாக ஒரு முடிவு கட்டுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று எழுதினேன். நிரந்தரமாக என்ற வார்த்தை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானாகப் போட்டது. அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள், முதல் கையெழுத்து என்னுடையது. இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு அந்த வார்த்தையில் விரலை வைத்து, என்ன பெரியவரே, யோசித்துத்தான் எழுதினீர்களா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சுப்புராஜ் சொன்னான், "நீங்க பாத்து செய்ங்க சார், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்." அவர் எங்கள் எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

ஒன்பதாம் நாள் காலையில் சேதி வந்துவிட்டது. எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் பதுங்கியிருந்தவனைப் பிடிக்கப் போனார்களாம், வெட்டரிவாளை வீசிக்கொண்டு பாய்ந்தானாம், தற்காப்புக்காகச் சுட்டார்களாம், ஒரு கான்ஸ்டபிளுக்குக் கையில் காயமாம், பேப்பரில் போட்டோவோடு வந்தது. தெருவில் ஆயிரம்வாலா வெடித்தார்கள். சுப்புராஜ் லட்டு கொடுத்தான், நான் ஒன்று தின்றேன், அம்மாவுக்கும் ஜானட்டுக்கும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு வந்தேன். டோரதி வீடு நாலாவது வீடுதான், வெடிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் மத்தியானம் பிரேதம் வந்தது, கூடவே இரண்டு வேன் போலீஸ், ஐந்து மணிக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று உத்தரவு. நம் நல்மரணச் சபையின் வழக்கம் உனக்குத் தெரியும், பங்குக் கோயில் ஆட்களில் யார் செத்தாலும் சபை ஆள் போய்க் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, கை இரண்டையும் மார்பில் சேர்த்து ஜெபமாலை சுற்றித்தான் பெட்டியில் வைக்க வேண்டும், குடிகாரன் செத்தாலும் அதுதான், உபதேசியார் செத்தாலும் அதுதான். அன்றைக்கு ஒருத்தனுக்கு வயிற்று வலி, ஒருத்தனுக்கு டியூட்டி. நான் போனேன். பெரிய மனது என்று நினைத்துவிடாதே. இத்தனை பேரை நடுங்க வைத்தவன் செத்தால் எப்படி இருப்பான் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

சட்டை போடும்போது வலது கை என் கைக்குள் வேறு விதமாக மடங்கிற்று. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், மூட்டே இல்லாத இடத்தில் மடங்கிற்று. விரல்கள் வீங்கிப் போய் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன, ஜெபமாலையை அதற்குள் நுழைக்க முடியவில்லை. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த தடம் கறுத்துப் போயிருந்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு ஓட்டை, சுற்றி முடி பொசுங்கியிருந்தது. துப்பாக்கி விஷயம் எனக்குத் தெரியாது. அடிபட்ட கை எனக்குத் தெரியும். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டியவன், சங்கிலியில் கை மாட்டினவர்கள் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன், ஆஸ்பத்திரியில் தினம் போய்ப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சிவப்பாக இருக்கும், மறுநாள் கருநீலமாகும், ஐந்தாறு நாள் போனால்தான் ஓரத்தில் பச்சையும் மஞ்சளுமாக மாறும். அவன் கையில் மஞ்சள் ஏறியிருந்தது. ஐந்தாறு நாளைக்கு முன்னால் உடைந்த கை அது. அந்தக் கையால் அவன் அரிவாளை வீசவில்லை தாமஸு, ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் குடித்திருக்க மாட்டான். நெட்டுக்குப்பத்தில் சித்தி வீட்டிலிருந்து போலீஸ் அவனைக் கொண்டுபோய் ஆறு நாளாகிறது என்று டோரதி முன்னாடியே தெருவில் கத்திக்கொண்டிருந்தாள், நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் நின்ற போலீஸ்காரர் சீக்கிரம் முடி பெர்ஸு என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, அரைக்கை வெள்ளைச் சட்டை ஒன்றை டோரதி எடுத்து வைத்திருந்தாள், அதைத் தள்ளிவிட்டு முழுக்கைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டு, இரண்டு கையிலும் பட்டனை மாட்டி இழுத்துவிட்டேன். பெற்றவள் பார்க்க வேண்டாம் என்று செய்தேன் என்றுதான் ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். யாருமே பார்க்க வேண்டாம் என்றுதான் செய்தேன்.

ஆகஸ்டு கடைசியில் டோரதி ஒரு பேப்பர்த் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். போலீஸ் சுட்டு ஆள் செத்தால் கலெக்டருக்குக் கீழே இருக்கிற ஆர்.டி.ஓ. விசாரிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம், விவரம் தெரிந்த பொதுஜனங்கள் பதினாறாம் தேதி ஆபீசுக்கு நேரில் வந்து சொல்லலாம் என்று அதில் போட்டிருந்தது. அன்றைக்குக் கண்ணாடி போடவில்லை, எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "எம்புள்ள நல்லவன்னு நான் சொல்லலண்ணே. நீ பாத்தத நீ சொல்லுன்னுதான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி அப்போதும் என் மூக்கின் மேல்தான் இருந்தது.

சுப்புராஜிடம் சொன்னேன். அவன் டீ ஆற்றிக்கொண்டே, அந்தப் பய செத்ததிலிருந்து ஜானட்டு எந்த ஸ்டாப்பிங்கில் எறங்குது பெர்ஸு என்று கேட்டான். அது உண்மைதானே, அவள் இப்போது நம் ஸ்டாப்பிங்கில்தான் இறங்குகிறாள், சிரித்துக்கொண்டே வருகிறாள். பங்குச் சாமியாரிடம் சொன்னேன், அவனுக்காக ஒரு பூசை வைக்கலாம் என்றார். அம்மாவிடம் மேலோட்டமாகச் சொன்னேன், தாமஸு போனில் சொன்ன பாஸ்போர்ட்டை நினைத்துக்கொள் என்றாள், போலீஸ்காரனைப் பகைத்துக்கொண்டு இந்தத் தெருவில் எப்படிக் குடியிருப்பது என்றாள். அதுவும் நியாயம்தான். நான் ஜானட்டிடம் சொல்லவே இல்லை, அவளாகத் தெரிந்துகொண்டு, நான் யாரையும் சுடச் சொல்லலப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போனது, போகாமல் இருந்துவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது.

அந்தக் கிழவர் என்ன ஆனார் என்று நீ எழுதவில்லை. நீ அங்கே ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும், செய்யப் போகாதே, பாஷை தெரியாத ஊரில் உன் உயிர் எனக்கு முக்கியம். ஆனால் அவர் ஏதோ பண்ணியிருப்பார் என்று மட்டும் சொல்லாதே கண்ணு. உனக்கு அது தெரியாது. தெரியாததைச் சொல்லித்தான் நானும் லட்டு தின்றேன். நாளை மறுநாள் நான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், நீ தடுக்க முடியாது, அதற்காகத்தான் போனில் சொல்லவில்லை.

16.9.2004, வியாழன் சாயந்திரம்

கடிதத்தைத் தபாலில் போடவில்லை, போய்விட்டு வந்து முடிக்கலாம் என்று வைத்திருந்தேன். போய் வந்துவிட்டேன். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, ஆனால் காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டு நாற்காலியின் மேல் வைத்திருந்தாள். பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் இரண்டு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். பெஞ்சில் நானும் டோரதியும் இந்தக் கோடியில் ஒருத்தர் அந்தக் கோடியில் ஒருத்தர். தெருவில் அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டோமே, வேறு ஒரு முகத்தைக் காணவில்லை. எதிர் பெஞ்சில் மஃப்டியில் ஒருத்தர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னிடம் கேட்டார், "இன்னா பெர்ஸு, புள்ள ஃபாரின்லயா கீறான்? பாஸ்போர்ட்டெல்லாம் கரீட்டா கீதா?" இரண்டு தடவை எழுந்து ஒன்றுக்குப் போனேன். ஒரு தடவை அப்படியே கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். எண்ணூர் பஸ் வந்தது, நின்றது, போனது. ஏன் ஏறவில்லை என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது டோரதி என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் திரும்பி வருவேன் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

ஆகவே தாமஸு, பிப்ரவரிக்குள் உன் பாஸ்போர்ட் கைக்கு வராவிட்டால் அதற்கு நான்தான் காரணம். வேறு யார் மேலும் பழி போடாதே, டோரதி மேல் நிச்சயமாகப் போடாதே. வேலை போய்விட்டால் ஊருக்கு வா, என் பென்ஷனில் மூன்று பேர் சாப்பிடுகிற சோற்றை நாலு பேர் சாப்பிடலாம். கோபம் வந்தால் என்னைத் திட்டி எழுது, அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.

அதிகாரி வயதில் உன்னை விடக் கொஞ்சம் பெரியவர், மரியாதையாகத்தான் கேட்டார். பார்த்ததைச் சொன்னேன், கையைச் சொன்னேன், மஞ்சள் நிறத்தைச் சொன்னேன், முழுக்கைச் சட்டையையும் சொன்னேன். பக்கத்தில் குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்தார். உங்களுக்குப் போலீஸோடு ஏதாவது விரோதமா என்று அதிகாரி கேட்டார், விரோதம் இல்லை, அவர்களிடம் டீ வாங்கிக் குடித்தவன் என்று சொல்லி மனு விஷயத்தையும் சொன்னேன். நான் போட்ட வார்த்தையைச் சொன்னேன். அது இந்த விசாரணையில் வராது பெரியவரே, பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்றார். வரும் சார் என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு குமாஸ்தா எழுதினதையெல்லாம் படித்துக் காட்டினார், பெயர், தகப்பனார் பெயர், வயது, முன்னாள் தொழில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு இடத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார், இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். சித்தப்பாவா, மாமாவா, பக்கத்து வீடா என்று எடுத்துக் கொடுத்தார். நான் சொன்னேன், "அவன சாவடிக்கச் சொல்லி எழுதிக் குடுத்தவன்." டோரதி அங்கேயே கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தாள். குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார், அப்படியெல்லாம் அதில் எழுத முடியாது என்றார் அவர். குமாஸ்தா தலையைக் குனிந்து அந்த இடத்தில் பொதுமக்கள் என்று எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார். படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மாதா உன் தலைக்கு மேல் கையை வைத்திருக்கட்டும், நீ போகிற வழியும் திரும்புகிற வழியும் அவள் பார்வையில் இருக்கட்டும். அங்கே மணல் காற்று அடிக்கிறபோது மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள், வெயிலில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே, ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாகவாவது ஒரு பரலோக மந்திரம் சொல். அம்மா இப்போது பேச ஆரம்பித்துவிட்டாள், உனக்கு முத்தம் எழுதச் சொல்கிறாள்.

உன்னைப் பெற்றவன்,
ம. ஸ்டானிஸ்லாஸ்